மாராத்தாளுக்கு ஒரு பின்சீட்டு

தை 4, திங்கள்

காலையிலிருந்து காற்று. தென்னை மட்டை இரண்டு விழுந்தன.

எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும். யாரிடம் கேட்கிறேன்? இந்த நோட்டை நான் மட்டும்தான் படிக்கப்போகிறேன். இருந்தாலும் கேட்டுவிட்டேன். வயது அறுபத்திரண்டு. வாசகசாலை மாலை வகுப்பில் ஆறு மாதம். ஒரு வரி எழுத ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் ஆகிறது. ஆனால் எழுதியது ஓடிப்போவதில்லை, அங்கேயே இருக்கிறது! நாலு தரம் படித்துப் பார்த்தேன்.

என் மனைவி மாராத்தாள். முழுதாக எழுதினால் கை வலி. இனி மா.

மா. காந்தலூர் போய் நாலு மாதம். மகள் ருக்மணிக்கு மூன்றாவது பிரசவம். பிள்ளைக்கே மூன்று மாதம் முடிந்தது. திரும்பி வர பஸ் ஏறவே மாட்டாளாம். போகும்போது மலை முழுதும் வாந்தி. மருமகன் கடிதத்தில் அவள் சொன்னபடியே இருக்கிறது: "பஸ்ஸுன்னா நான் இங்கயே இருந்துக்கறேன்னு சொல்லுங்க."

கடிதத்தை நானே படித்தேன். சந்தோஷம். படித்து முடித்ததும் வீடு இன்னும் காலி.

என்னிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. உலகச் சண்டை முடிந்து பட்டாளம் ஏலம் விட்டதில் எடுத்தது. ஒற்றைச் சீட்டு. பின்னால் ஒன்று போட்டால்?

தை 5, செவ்வாய்

கோயமுத்தூர் போனேன், வேலந்தாவளம் வழி. எதிர்க்காற்று, கண்ணெல்லாம் மண்.

வாங்கியது: பின்சீட்டு 1. கால்மிதி 2. போல்ட்டு, நட்டு, வாசர் ஒரு பொட்டலம்.

கடை மெக்கானிக் தானே மாட்டித் தருவதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, "ஏனுங்க, பின்னால உக்கார்றது யாருங்க?"

சுற்றிலும் நாலைந்து பேர். சம்சாரம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஆளுதானுங்க."

"ஆளுன்னா?"

"ஆளுன்னா ஆளுதான். சாமானக் குடுங்க, நானே மாட்டிக்கறேன்."

"கூலிய மிச்சம் புடிக்கறீங்களாக்கு" என்று சிரித்தார். அப்படியே நினைக்கட்டும்.

தை 7, வியாழன்

வெயில். காற்று குறைவு. காலை முதல் அதே வேலை.

கூட வந்த காகிதம் இங்கிலீஷ். படம் போதும். மட்கார்டில் நாலு துளை. மூன்றாவது துளை தள்ளிப்போயிற்று, அரத்தால் ராவிச் சரிசெய்தேன். கால்மிதி படத்தில் உள்ளபடியே, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. விரலில் காயம், சிறியது.

பக்கத்துத் தோட்டத்து வேலுச்சாமி வேலி ஓரம் நின்றே பார்த்தான்.

"மாப்ள, இத்தன வருஷம் மாட்டு வண்டியில கூட்டிட்டுப் போனவன், இப்ப என்னப்பா அவசரம்?"

"நீ போயி உன்ற வேலையப் பாரு."

சீட்டில் கடலைக்காய் மூட்டையைக் கட்டிச் சித்தூர் வரை ஓட்டினேன். மா. எடை இருக்கும். ஆடவில்லை, அசையவில்லை. நானே மாட்டியது! வழியில் யாராவது கேட்டால் சொல்லலாம் என்றிருந்தேன். யாரும் கேட்கவில்லை.

தை 9, சனி. காந்தலூர்

குளிர், மூடுபனி. மறையூருக்கு மேல் ஜீப் தடம்தான். பின்சீட்டில் அவள் சேலை ஒன்றை மடித்துக் கட்டிக் கொண்டுவந்தேன், மெத்தென்று இருக்க.

மா. பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். இளைத்திருக்கிறாள். "கறுத்துப் போயிட்டீங்க" என்றாள். அவ்வளவுதான். எனக்குப் போதும்.

சீட்டைக் காட்டினேன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"ஏனுங்க, ரெண்டு காலையும் நான் எங்கீங்க வெக்கறது?"

"இந்தப் பக்கம் ஒன்னு, அந்தப் பக்கம் ஒன்னு."

"சேலையக் கட்டிட்டுக் குதர ஏறறாப்லயா உக்காருவாங்க?"

ருக்மணி சிரித்தாள், மருமகன் திரும்பி நின்று சிரித்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பொம்பளை ஒரு பக்கமாகத்தானே உட்காருவாள்! நான் உட்காரும் விதத்தை நினைத்தே மாட்டியிருக்கிறேன்.

ஆனாலும் உட்கார்ந்தாள். ஒரு கால் மிதியில், ஒரு கால் அந்தரத்தில். ஐம்பது அடி தூரம். தோளில் அவள் கை. நாலு மாதத்துக்குப் பிறகு.

இறங்கி, "மல எறங்கறதுக்குள்ள நான் உளுந்துருவனுங்க. காலுக்கு எடம் பண்ணிட்டு வாங்க, வரேன்" என்றாள்.

ஸ்பானரை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

தை 11, திங்கள்

நேற்றுத் தனியாகத் திரும்பினேன். முதுகுப் பக்கம் வழியெல்லாம் குளிர்.

நடந்ததைக் கேட்டு வேலுச்சாமி: "மூட்டைய வெச்சு ஓட்டிப் பாத்தயல்ல, மூட்டைக்கு ஏதப்பா காலு?"

தை 12, செவ்வாய்

மீண்டும் கோயமுத்தூர் கடை. இன்றும் ஆட்கள் நின்றார்கள். மெக்கானிக் கேட்கும் முன் நானே சொன்னேன்: "என்ற சம்சாரத்துக்குங்க. ரெண்டு காலும் எடது பக்கம் வெக்கோணும்." குரல் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமுங்களே" என்றார் மெக்கானிக். பிறகு குனிந்து சக்கரத்தைக் காட்டினார். "அம்மா சேலத் தலப்பு இதுல சிக்குனா என்ன ஆகுமுங்க? இதுவரைக்கும் அவங்கள ஏத்தலீங்களே?"

காந்தலூரில் ஏற்றிவிட்டேனே. அந்த ஐம்பது அடி.

இரண்டு கால்மிதியும் இடது பக்கம் வரிசையாக. சக்கரத்தையும் சங்கிலியையும் மூடிக் கம்பி அடைப்பு. மத்தியானம் வரை ஆயிற்று. பக்கத்திலேயே நின்றேன். வெட்கத்தைப் பார்க்காமல் நானே ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்து பார்த்தேன். மெக்கானிக் தலைப்பு மாதிரி ஒரு துணியைத் தொங்கவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினார். சிக்கவில்லை. இன்னும் ஒரு தரம் சுற்றச் சொன்னேன்.

தை 14, வியாழன்

காற்று இல்லை. வீடு கூட்டினேன். அவள் பெட்டியைத் துடைத்தேன். அரிசி அள்ளும்போது கை தானாக இரண்டு பேருக்கு அள்ளியது. திரும்பக் கொட்டவில்லை, அப்படியே வடித்தேன்.

நாளை விடிந்ததும் கிளம்புகிறேன். அடுத்த வாரம் எழுதுவேன், மறையூர் இறக்கம் முழுக்க அவள் கை என் தோளில் இருந்ததா என்று.