பயந்த பால்

ஜனவரி 2005, செவ்வாய். வாகரை.

விடியலிலிருந்து தூறல். உறுதியானது: பள்ளிக்கூடச் சுனாமி முகாமில் மூன்று கைக்குழந்தைகளுக்கு வயிற்றோட்டம். சொன்னவர், தாய் சேய் பார்க்கும் மருத்துவத் தாதி; எல்லாருக்கும் மிஸ்ஸி. மூன்றும் புட்டிப்பால் குடித்தவை. கிணறெல்லாம் கடல் ஏறிக் கிடக்கிறது. கொதிக்கவைக்க விறகும் ஈரம்.

பால்மா கொண்டுவந்தது கொழும்பு ஆட்கள். டின்னில் இங்கே யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்து. எப்படிக் கரைப்பது என்று கேட்டேன். "அதெல்லாம் தாய்மாருக்குத் தெரியும்." படம் எடுத்தார்கள், போனார்கள். தங்களுக்குக் குடிக்கப் போத்தல் தண்ணீர். அதை மட்டும் கொண்டுவர மறக்கவில்லை.

தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பெண்கள்:

"டின் பால் குடிச்சா புள்ள வெள்ளையா வருமாம் கா."

"ஓம், வெளிய போறதும் வெள்ளையாத்தான் போகுது."

வாங்க வேண்டியது: சவர்க்காரம், பேனா, டோர்ச்சுக்குப் பற்றறி.

புதன்.

வெயில். மூன்றில் மோசம் புனிதாவின் குழந்தை. பெண், இரண்டு மாதம். கண் குழிந்துவிட்டது. தகப்பனை அலை கொண்டுபோனது. புட்டி கொடுப்பவள் புனிதாவின் அக்கா மலர்.

"தாய்க்குப் பால் இல்லையா?"

"இருக்கு ஐயா. பயந்த பால், அழுத பால். புள்ளைக்கு ஆகாது. முப்பத்தொண்டு முடியட்டும்."

செத்தவனுக்கு முப்பத்தோராம் நாள் கிரியை முடியும்வரை உயிரோடிருப்பது பட்டினி. என்ன அறிவு!

வகுப்பறைக்குப் பின்னால் புனிதா. குழந்தை அழும்போதெல்லாம் பால் கட்டுகிறதாம். பீச்சி மணலில் விட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி மலர், உப்புக் கிணற்றுத் தண்ணீரில் மாக் கரைத்தபடி.

பத்திரிகை அலுவலகத்திலிருந்து அழைப்பு. டின்னோடு சிரிக்கும் தாய் ஒருத்தியின் படம் வேண்டுமாம், முதல் பக்கத்துக்கு. ஆசிரியர் இங்கே வந்து சிரித்துக் காட்டட்டும். இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வியாழன்.

வானம் மப்பு. மிஸ்ஸி வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் கரைசல் பொடிப் பொட்டலமும் நல்ல தண்ணீரும் கொண்டுவந்தார். கரைத்துக் கரண்டியால் கொடுத்தார். புட்டியைத் தொட மலர் விடவில்லை. மிஸ்ஸி சத்தம் போடாமல், சுவரோரம் இருந்த புனிதாவைக் காட்டி மலரிடம் கேட்டார்.

"அலை வந்த அண்டைக்கு இவள் மரத்தப் பிடிச்சுத் தொங்கக்குள்ள புள்ள எங்க கா இருந்திச்சி?"

"இவள்ற நெஞ்சில."

"அண்டு முழுக்க என்னத்தக் குடிச்சிச்சி?"

மலர் புட்டியின் மூடியைத் திருகினாள். பிறகு, "அது அறியாமக் குடிச்சிச்சி மிஸ்ஸி."

"அதான் கா உயிரோட கிடக்கு."

மலர் எழுந்தாள். புட்டியைச் சேலைத் தலைப்பில் சுற்றினாள். "குடு புள்ள," என்றாள், தங்கையைப் பாராமல்.

குழந்தை முதலில் முகத்தைத் திருப்பியது. பிறகு பிடித்தது. புனிதா சுவரைப் பார்த்து அழுதாள். யாரும் தடுக்கவில்லை.

வெளியே இன்னொரு லொறி. பால்மாதான். நன்றியுரை, கைதட்டல்.

குழந்தைக்குச் சலம், அதாவது மூத்திரம், போனால் பயமில்லை என்கிறார் மிஸ்ஸி. போகாவிட்டால் வாழைச்சேனை ஆஸ்பத்திரி. வான் விடியத்தான். விளக்கு வைக்கும் நேரம் வந்து பார்ப்பார்.

பின்னேரம். குழந்தையின் துணி இன்னும் நனையவில்லை.