பன்னிரண்டாவது பெயர்

என்னங்க,

நலமா என்று கேட்பதை விட்டு நாலு வருஷமாகிறது. பதிலே சொல்லாத மனுஷனிடம் எத்தனை தடவைதான் கேட்பது? உங்கள் அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்தாயிற்று. சின்னவள் என்னைவிட உயரமாகிவிட்டாள். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தானே கப்பலேறினீர்கள்!

ஆபீஸில் ஒரு வாரமாக உயிரை வாங்குகிறார்கள். உங்கள் கப்பலைப் பற்றித் தகவல் நின்று ஏழு வருஷம் முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட மாலுமிகளை இறந்தவர்களாகப் பட்டியல் போடுவது எங்கள் நல அலுவலகத்தில் நான் எழுதிய புரோகிராம்தான். பன்னிரண்டு பேரில் பதினோரு பெயர் வந்துவிட்டது. உங்கள் பெயர் மட்டும் வர மாட்டேன் என்கிறது. ஒரே கப்பல் என்பதால், பட்டியல் முழுதாக வராமல் ஒருவருக்கும் இறப்புச் சான்றிதழ் கிடைக்காது. கப்பல் சமையல்காரரின் மனைவி தினமும் போன் செய்து, "அக்கா, ஸ்கூல்ல அப்பா கையெழுத்து கேக்குறாங்க. இருக்காரா, இல்லையா, ஏதாவது ஒண்ணு எழுதிக் குடுத்துடுங்க" என்று அழுகிறாள்.

என் புரோகிராமில் இதைச் செய், அதைச் செய் என்ற கட்டளைகள் கிடையாது. விதிகள்தான். இது உண்மையானால் அதுவும் உண்மை என்று எழுதி வைத்தால், அது தானே விடை தேடிக்கொள்ளும். பதிவில் இல்லாததை 'நடக்கவில்லை' என்று எடுத்துக்கொள்ளும். முதலில் தேதிகளைப் பார்த்தேன். அப்புறம் விதிகளை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. உள்ளுக்குள் எனக்கு அற்ப சந்தோஷம், பொய் சொல்லவில்லை.

நேற்று ஒவ்வொரு விதியாக அது போகும் வழியைத் திரையில் ஓடவிட்டேன். நாற்பத்தோராவது விதியில் நின்றது. "அனுப்பிய கடிதம் திரும்பி வந்ததாகப் பதிவு இல்லையென்றால், அது சேர்ந்துவிட்டது. கடந்த ஒரு வருஷத்துக்குள் கடிதம் சேர்ந்திருந்தால், ஆள் இருக்கிறார்." வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எழுதியது. படித்துக் காட்டியபோது நீங்கள்கூட, "உன் மிஷினுக்கு நம்பிக்கை ஜாஸ்திடி" என்று சிரித்தீர்கள்.

மற்ற வீடுகளில் எழுதுவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். மாதம் தவறாமல் எங்கள் ஆபீஸ் தபாலில் சேர்த்துப் பதிவில் ஏற்றுகிறவள் நான் ஒருத்திதான். உங்கள் கப்பல் போய்ச் சேர வேண்டியிருந்த துறைமுகத்துக்குத்தான் எழுதுகிறேன்; அங்கே அவற்றைத் திருப்பி அனுப்பக்கூட ஆளில்லை போலிருக்கிறது. என் கடிதங்கள்தான் உங்களை உயிரோடு வைத்திருக்கின்றன. பதினோரு வீட்டையும் நடுத்தெருவில் நிறுத்தியிருப்பதும் அவைதான். பாவி நான், வேறென்ன சொல்ல?

மேலாளரிடம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு, "வேற யாரையாவது செய்யச் சொல்லட்டுமாம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். என் விதியை இன்னொருவர் கை வைத்து அழிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பதில் வந்தால்தான் கடிதம் சேர்ந்ததாக அர்த்தம் என்று மாற்ற வேண்டும். ஒரே ஒரு வரி. வெள்ளிக்கிழமைவரை தவணை கொடுத்திருக்கிறார்.

இந்தக் கடிதம் அதற்குள் உங்களிடம் வந்து சேராது, தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள். அதுவும் முடியாதென்றால், பெறுபவர் இல்லை என்று முத்திரை குத்தி இதையும் இந்த வருஷத்துக் கடிதங்களையும் யாராவது திருப்பி அனுப்பட்டும். அந்த வரியை என் கையால் எழுத வைக்காதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

குழாயை யாரையும் தொட விடவில்லை.

உங்கள்
வீட்டுக்காரி