கொழும்பில் பிறக்க வேண்டிய பிள்ளை

மாசி 3

காலையில் பனி. கிணற்றடி வழுக்கல், அம்மா தண்ணீர் சேந்த விடவில்லை. வளைகாப்பு வளையலில் இன்னொன்று உடைந்தது. பச்சை. மீதி பதினாறு.

கொழும்பிலிருந்து அவர் கடிதம். அச்சாபீசில் எல்லோரும் எழுத்துக் கோர்ப்பதை விட்டுவிட்டு இதே பேச்சாம். வெள்ளைக்காரன் போகப் போகிறான், இலங்கை தனி நாடாகும், அது நல்லதா கெட்டதா. நடுவில் ஒருவன் இவரிடம், "நீ எங்கே பிறந்தாய்?" என்று கேட்டிருக்கிறான். பூந்தமல்லி என்று சொல்லித் தொலைத்திருக்கிறார். "அப்படியென்றால் உனக்கு என்ன கவலை, உன் நாட்டுக்குப் போய்விடலாம்" என்றானாம்.

உன் நாடு. விவரம் தெரிந்து இவர் பூந்தமல்லியைப் பார்த்ததே எங்கள் கல்யாணத்தின்போதுதான். மாமியார் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து இவரைப் பெற்று, மூன்றாம் மாதம் கொழும்புக்குத் தூக்கிக்கொண்டு போனார். அவ்வளவுதான் இவருக்கும் பூந்தமல்லிக்கும்.

கடைசி வரி: "அம்மா செய்ததையே நீயும் செய்யாதே. உடனே புறப்படு. பிள்ளை இங்கே பிறக்கட்டும்."

எனக்கு எட்டாம் மாதம் நடக்கிறது. மறந்துவிட்டாரா?

மாசி 4

நல்ல வெயில். வடகத்துக்கு அரிசி ஊறுகிறது. மனசு ஒன்றிலும் நிற்கவில்லை. எழுதியாவது பார்க்கிறேன்.

தீவு தனி நாடானால் நல்லது: சொந்த சர்க்கார். துரை முன்னால் கை கட்ட வேண்டாம். சம்பளம் கட்டாத பள்ளிக்கூடம் இப்போதே வந்துவிட்டது, இன்னும் வரும். மாமியார்கூட அங்கே ஓட்டுப் போட்டவர். இங்கே அம்மாவுக்கு ஓட்டு என்றால் என்னவென்றே தெரியாது.

கெட்டது: சொந்த சர்க்கார் வந்தால் யார் சொந்தம் என்று கேட்கும். துரை அதைக் கேட்கவில்லை. அவனுக்கு எல்லோரும் ஒன்று, எல்லோரும் வேலைக்காரர்கள்.

அப்படியானால் துரையே இருக்கட்டுமா? சீ, எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் பயம். நல்லதெல்லாம் ஊருக்கு வருகிறது, கெட்டது மட்டும் என் வீட்டு வாசலில் நிற்கிறது.

மாசி 5

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உலக்கையைக் கீழே வைத்தாள்.

"இன்னா பேசறே நீ? வளையல் போட்டு இட்டாந்த பொண்ணை, பெத்துக்கறதுக்கு முன்ன எவளாவது திருப்பி அனுப்புவாளா? ஊரே சிரிக்கும்."

"புள்ளை அங்க பொறந்தாத்தாம்மா அந்த ஊரு புள்ளைன்னு ஒத்துக்குவாங்களாம்."

"எங்க பொறந்தா இன்னா? உங்கிட்டதானே பால் குடிக்கப்போவுது."

அண்ணன் ஆவடி ராணுவ டிப்போவில் வேலை முடிந்து அப்போதுதான் வந்தான். "நமக்குந்தான் சுதந்திரம் வரப்போவுது. அங்க தொரத்துனா இங்க வந்துடு. எதுக்குப் பயந்துகினு கீறே?"

வந்துடு. என்ன சுலபம். அவர் தமிழும் கோர்ப்பார், சிங்களமும் கோர்ப்பார். ஆனால் பூந்தமல்லியை ஒட்டின சென்னீர்குப்பத்துக்கு வழி கேட்டால் திருதிருவென்று முழிப்பார். இங்கே வந்து யாரிடம் போய் நிற்பார்?

நைனா எழுந்துகொண்டார். மாட்டுக்குத் தவிடு கலக்கப் போய்விட்டார்.

மாசி 8

மருத்துவச்சி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். தலை இறங்கவில்லையாம், இன்னும் நாள் இருக்கிறதாம். "அதுக்காவ கப்பல் ஏறுவியா? நடுக்கடல்ல வலி எடுத்தா யாரு கீறாங்க, நீயே சொல்லு."

அதைத்தான் மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கடலில் பிறந்தால் எந்த நாட்டுப் பிள்ளை? பிறக்காமலே போனால்? நான் போய்விட்டால்? இதை எழுதிவிட்டு அடித்தேன். அடித்தாலும் தெரிகிறது.

வாந்தி, இரண்டு தடவை. மோர் மட்டும்.

சாயங்காலம் நைனா பின்கட்டுக்கு வந்தார். "கொழும்பு வரிக்கும் நானே இட்டுனு போறேன். உங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். பட்டணத்துக் கடற்கரையிலேயே கால் நனைக்கப் பயப்படுகிறவர். அழுதுவிட்டேன்.

மாசி 10

மூட்டையில்: சேலை மூன்று, கிழித்த பழந்துணி, சுக்கு, ஓமம், நூல், கத்திரி, அவர் கடிதம். கத்திரியை நான் எடுத்து வைக்கவில்லை. அம்மா வைத்திருக்கிறாள். வழியில் வலி எடுத்தால் தொப்புள்கொடி அறுக்க.

நாளை காலை ஆவடியில் ரயில். சாயங்காலம் எழும்பூரில் தனுஷ்கோடி வண்டி. அங்கிருந்து கப்பல்.

மாசி 13

ஆவடி ஸ்டேஷனைக்கூடப் பார்க்கவில்லை. மாட்டுவண்டி ஏரிக்கரை திரும்புவதற்குள் பனிக்குடம் உடைந்துவிட்டது. நைனா வண்டியைத் திருப்பினார். திருப்பாதே நைனா என்று நான் கத்தினேனாம். நினைவில்லை.

பெண். உள்ளங்கை அகலம் முதுகு. அழுகை பூனைக்குட்டி சத்தம். மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பதே வேலை.

மாசி 16

பால் குடிக்கிறாள். காலையில் இரண்டு முறை.

கிராம முன்சீப் பிறப்புப் புத்தகத்தோடு வந்தார். நைனா அவர் காதருகே போய், "கொழும்புன்னு எழுதிக்கயேன்" என்றார்.

"நம்மூரு பொஸ்தகத்துல கொழும்பை எப்பிடிப்பா எழுதறது? வேணும்னா எழுதாம உட்டுடறேன். அங்க போயி, அங்கியே பொறந்துச்சுன்னு சொல்லிக்கட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுதினால் அச்சாபீசில் அவரைக் கேட்ட கேள்வியை இவளையும் கேட்பார்கள். எழுதாமல் விட்டால், நாளைக்கு அங்கேயும் இல்லை என்று சொல்லி, இங்கேயும் இல்லை என்று சொல்லிவிட்டால்?

"எழுதுங்க" என்றேன். எழுதினார். பெண். பிறந்த ஊர் முத்தாபுதுப்பேட்டை.

அவருக்கு இன்னும் கடிதம் போடவில்லை. என்னவென்று ஆரம்பிப்பது?

அம்மா இவளைக் காலில் போட்டு எண்ணெய் தடவுகிறாள். "மூணு மாசம் ஆவட்டும், தூக்கினு போ" என்கிறாள். மாமியாரும் மூன்றாம் மாதம்தான் போனார். இவளுக்கும் தலைப்பிரசவம் வரும். நானும் வளையல் போட்டு என் வீட்டுக்குத்தான் அழைப்பேன். அப்போது என் வீடு எந்த நாட்டில் இருக்கும்?