ஐந்தாம் பொத்தானின் மேல் ஒரு புள்ளி

அன்புள்ள பெரியவனுக்கு, அப்பா சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் பெரியம்மாவின் இடுப்பு எலும்பு இன்னும் கூடவில்லை என்பதால் உன் அம்மா அவர் வீட்டிலேயே இருக்கிறாள், அவளும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய், ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடுவதில்லை என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறோம், அது பொய்யாக இருந்தால் உடனே மெய்யாக்கவும். நீ அனுப்பிய டிவியும் ஸ்பீக்கர்களும் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தன. டிவி முன்னறைச் சுவரில் பாதியை எடுத்துக்கொண்டது. பெரிய டப்பா ஸ்பீக்கரைத் துணி மடிக்கிற மேசைக்கு அடியில் வைத்திருக்கிறோம், அது உறுமினால் அடுக்களையில் தம்ளர்கள் ஆடுகின்றன. மாடி வீட்டுக்காரர் இரண்டு முறை இறங்கி வந்து என்ன சத்தம் என்று கேட்டுவிட்டு, இரண்டாவது முறை உட்கார்ந்து முழுப் படமும் பார்த்துவிட்டுப் போனார். பெட்டி பிரிக்கும்போது அட்டை பட்டு என் நடுவிரலில் சின்னக் கீறல், ஆறி வருகிறது, அதை ஒரு சமாச்சாரமாக நினைக்க வேண்டாம்.

நீ பட்டியல் போட்டு அனுப்பிய ரிமோட்டையும் பிளேயரையும் நான் வாங்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. பொத்தானே இல்லாத அந்தக் கண்ணாடி ரிமோட் கையில் சோப்புக் கட்டி மாதிரி வழுக்குகிறது, எனக்கு அது தோதுப்படாது. பேசினால் கேட்கும் ரிமோட் ஒன்றையும் காட்டினார்கள். இந்த வீட்டில் நான் சொல்வதைக் கேட்காத பிள்ளை ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, ரிமோட்டிடமும் போய்க் கெஞ்ச வேண்டுமா என்று வேண்டாமென்றுவிட்டேன். பட்டை பட்டையாகப் பொத்தான் வைத்த சாதாரண ரிமோட் ஒன்று வாங்கினேன், டிவி, ஸ்பீக்கர், பிளேயர் மூன்றுக்கும் அது ஒன்றே போதும்படி கடைக்காரர் பழக்கிக் கொடுத்தார். பிளேயரும் அப்படித்தான். நீ சொன்னதில் திரை முழுக்கப் படம் படமாக வந்து நிற்கிறது, அதில் ஒன்றைத் தேடித் தேர்ந்தெடுப்பதற்குள் தூக்கம் வந்துவிடும். நான் வாங்கியது பழைய மாதிரி, முன்பக்கம் பொத்தான் உண்டு, நீ அனுப்பிய டிஸ்க்கைச் செருகி ஒரு தடவை அமுக்கினால் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும், நிறுத்தின இடத்தில் மறுபடி தொடங்கும். உன் வீடியோக்களைத் தினமும் பார்க்கிறேன். நீ இளைத்திருக்கிறாய். எனக்கு அச்சகத்தில் நோட்டுப் புத்தக வேலை குவிந்து கிடக்கிறது, தாள் வெட்டும் மெஷினை விட்டு நகர முடியவில்லை, வீட்டுக்கு வந்தால் உடம்பு அடித்துப் போட்டது மாதிரி இருக்கிறது. ஒப்பந்தம் முடிய இன்னும் பதினாலு மாதம் என்று எழுதியிருந்தாய், பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிட்டு வா, நடுவில் எந்தக் காரணத்துக்காகவும்

அண்ணா, இங்கே முதல் தாள் முடிந்துவிட்டது. அப்பாவும் இந்த இடத்தில்தான் நிறுத்தினார். இனி எழுதுவது நான். அப்பா சொன்னது இதில் ஒரு வரியும் இல்லை. அவர் முன்னறையில் தூங்குகிறார், நான் அடுக்களையில் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவு திறந்திருக்கிறது, விளக்கையும் போட்டிருக்கிறேன். வெளிச்சத்துக்கு அப்பா எழுந்திருக்க மாட்டார். சத்தத்துக்கு எழுந்துவிடுவார். அதனால் தாளுக்குக் கீழே துண்டை மடித்து வைத்துக்கொண்டு பேனாவை அழுத்தாமல் எழுதுகிறேன், எழுத்து பொடியாகவும் மங்கலாகவும் இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பாவுக்குக் கண் தெரியவில்லை, அண்ணா. வலது கண் சுத்தமாகப் போய்விட்டது. இடது கண்ணில் நிழல் மாதிரி ஏதோ தெரிகிறது, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரிகிறது, அவ்வளவுதான். அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போகும்போது அப்பா தனக்கு ஒரு கண் கொஞ்சம் மங்கல் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார், இந்த இரண்டு மாதத்தில் இப்படி ஆகிவிட்டது. எனக்கே கடையில் தெரிந்திருக்க வேண்டும். கடைக்காரர் ஆறு ரிமோட்டை மேசையில் பரப்பினார். அப்பா ஒன்றையும் பார்க்கவில்லை, ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தார். கடைக்காரர் சிரித்துக்கொண்டு, "ஐயா, ரிமோட் வாங்க வந்தீங்களா, கைரேகை பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார். அப்பாவும் விடாமல், "ரெண்டுக்கும்தான், எதுக்கு ஆயுசு ரேகை நீளம்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு அப்பா குரலைத் தாழ்த்தி, அஞ்சாம் நம்பர் மேல புள்ளி இருக்கா என்று கேட்டார். ரிமோட்டில் ஐந்தாம் பொத்தானின் மேல் மட்டும் சின்னதாக ஒரு மேடு இருக்கும், அதைத் தொட்டால் மற்ற எண்கள் எங்கே என்று விரலுக்குத் தெரிந்துவிடும். இத்தனை நாள் ரிமோட்டை அமுக்கியிருக்கிறேன், அப்படி ஒரு புள்ளி இருப்பதே எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் யோசிக்கவில்லை. கடைக்காரர் மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தார், அப்புறம் உள்ளே போய் அந்தப் பழைய பிளேயரை எடுத்துவந்தார்.

அதற்கு அடுத்த வாரம் நான் டியூஷன் முடிந்து வந்தபோது அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரை முழுக்க நீலமாக இருந்தது. படம் வரவில்லை என்று ஒரு வரி மட்டும் நடுவில் நின்றது. பிளேயரிலிருந்து சத்தம் தனி ஒயரில் ஸ்பீக்கருக்குப் போகிறது இல்லையா, அதனால் உன் குரல் மட்டும் நாலு பக்கமும் கேட்டது, நீ உன் அறையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாய், இதுதான் அப்பா என் கட்டில், இதுதான் என் ஜன்னல் என்று. நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் அப்பா, "வாலு, வந்துட்டியா, பாரு உங்கண்ணன, எளைச்சுப் போயிட்டான், மொகத்துல களையே இல்ல" என்று அந்த நீலத் திரையைக் கைகாட்டினார். நான் ஆமாப்பா என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து நானும் அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வீடியோ முடியும்வரை. அவர் தண்ணீர் குடிக்கப் போனபோதுதான் பொத்தானை அமுக்கிப் படத்தை வரவைத்தேன். அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஒரு வித்தியாசமும் இல்லை.

மறுநாள் நானாகவே கேட்டுவிட்டேன். முதலில் திட்டினார், அப்புறம் என்னையே கூட்டிக்கொண்டு கண் டாக்டரிடம் போனார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது, போன பார்வை போனதுதான், இருப்பதையாவது காப்பாற்ற வேண்டுமானால் இந்த மாதத்துக்குள் அறுவை செய்தாக வேண்டும், வீட்டில் பெரியவர் ஒருவர் வந்து பேசட்டும் என்று டாக்டர் சொன்னார். நான் பத்தாம் வகுப்பு, என்னை அவர்கள் பெரியவர் கணக்கில் எடுக்கவில்லை. வெளியே வந்ததும் அப்பா, "அவன் ஒப்பந்தம் முடிஞ்சு வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம். இப்போ தெரிஞ்சா போட்டது போட்டபடி கெளம்பி வந்துருவான், திரும்பச் சேத்துக்க மாட்டாங்க. உங்கம்மாகிட்டயும் மூச்சு விடாத" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் செய்து கொடுத்துவிட்டேன். இப்போது அதைத்தான் உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். எனக்கென்று போன் இல்லை, அப்பா தன் போனை எல்லாவற்றையும் உரக்கப் படிக்கிற மாதிரி மாற்றி வைத்திருக்கிறார். நான் ஓர் எழுத்து அடித்தால் அது அந்த எழுத்தைக் கத்துகிறது. நீயோ அம்மாவோ கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறார். இந்த வீட்டில் சத்தம் போடாமல் இருப்பது காகிதம் ஒன்றுதான்.

அப்பாவின் விரலை அட்டை கிழிக்கவில்லை. வெட்டு மெஷினில் கத்தி இறங்கும்போது நக நுனி போய்விட்டது. இருபத்திரண்டு வருட மெஷின், கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவேன் என்று முன்பெல்லாம் பெருமையாகச் சொல்வாரே, இப்போது நிஜமாகவே அப்படித்தான் வெட்டுகிறார். அளவை பைண்டிங்காரர் காதில் சொல்கிறாராம், முதலாளிக்குத் தெரியாது. தினமும் சாயங்காலம் அவர் படியேறி வரும்போது நான் முதலில் பார்ப்பது அவர் கைகளைத்தான். பத்து விரலையும் எண்ணிவிட்டுத்தான் பையை வாங்கிக்கொள்கிறேன். எனக்கு அசதியாக இருக்கிறது அண்ணா. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிப்போகிறேன், டீச்சர் ராத்திரி பூரா படம் பாத்தியா, வீட்ல தியேட்டர் வந்துருச்சாமே என்று கேட்டு எல்லாரையும் சிரிக்கவைத்தார்.

நீ வரவேண்டாம். நிஜமாகவே வரவேண்டாம். போனில் ஒரு அதட்டல் போடு, அது போதும், அம்மா சொன்னால் சண்டை போடுவார், நான் சொன்னால் சிரிப்பார், நீ சொன்னால்தான் கேட்பார். அம்மாவையும் நீயே கூப்பிட்டுச் சொல்லிவிடு, அவர் ஒரு வாரம் வந்து டாக்டரிடம் பேசினால் வேலை நடந்துவிடும். ஆனால் நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. அதற்கு ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் உன் வீடியோ ஒவ்வொன்றையும் போட்ட பிறகு அப்பா என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்வார், அண்ணன் என்ன கலர் சட்டை, பின்னால் யார் நிற்கிறார்கள், சுவரில் என்ன மாட்டியிருக்கிறது என்று. நீ ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டுக் கேட்டால் தட்டாமல் பதில் சொல்வதற்குத்தான். ஆனால் நீ அறையைச் சுற்றிக் காட்டுகிற அந்த வீடியோவில் ஜன்னல் கம்பியில் ஒரு சிவப்புக் குடை தொங்குகிறது. அதை மட்டும் நான் அப்பாவிடம் சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பேச்சுவாக்கில், என் ஜன்னல்ல என்னப்பா தொங்குது என்று கேள். அவர் விழிப்பார், அப்போது நீயாகக் கண்டுபிடித்த மாதிரி இருக்கும்.

இதை எழுதும்போது இன்னொரு பயம் வந்துவிட்டது. காலையில் ஆறு மணிக்கு, லீவில் ஊருக்கு வந்திருக்கிற உன் அறைத் தோழர் வந்து கடிதத்தை வாங்கிக்கொண்டு அப்படியே விமான நிலையம் போகிறார். கவரை அப்பா தன் கையாலேதான் கொடுப்பார். உனக்குத்தான் தெரியுமே, தாள் கட்டைக் கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளி எத்தனை தாள் என்று சொல்லிவிடுகிற கை அது. கவருக்குள் ஒன்றா இரண்டா என்பது அந்தக் கைக்குத் தெரியாமல் போகாது. இதை நினைத்ததும் எழுதியதைக் கிழித்துவிடலாம் என்றுதான் எழுந்தேன்.

அப்புறம்தான் யோசித்தேன். கண் போனதிலிருந்து அப்பா வெற்றுத் தாளில் முதலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார், நான் அடியில் ஸ்கேல் வைத்துக் காட்டுவேன், பிறகுதான் மேலே எழுதுவோம், இல்லாவிட்டால் எழுத்தின் மேலேயே கையெழுத்து ஏறிவிடும். ஒரு கடிதத்துக்கு ஒரு தாள்தான், எப்போதும். இன்றைக்கு இரண்டு தாளில் போட்டார். ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது போல என்று அப்போது நினைத்தேன், தாள் ஒட்டியிருந்தால் தெரியாத கையா அது? எந்தக் காரணத்துக்காகவும் என்று சொல்லி நிறுத்தியவர், வரவேண்டாம் என்ற சொல்லைச் சொல்லவேயில்லை. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "மீதிய நீயே எழுதிக்கோ, உனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றார். வழக்கமாகச் சொல்லுகிற ஆசீர்வாதத்தைக்கூடச் சொல்லவில்லை. நான் அவருக்கு அசதி என்று நினைத்தேன்.

தாளில் இடம் முடிகிறது. காலையில் அவர் கவரைக் கையில் வாங்கும்போது நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். என்னவானாலும் கொடுத்துவிடுவார் என்று இப்போது தோன்றுகிறது. அவர் வழக்கமாகச் சொல்வதை நானே எழுதிவிடுகிறேன். போன இடத்தில் உனக்கு நல்ல பெயரும் நல்ல தூக்கமும் கிடைக்கட்டும், நின்று நிதானித்துச் செய், உடம்பைப் பார்த்துக்கொள். சிவப்புக் குடையை மறந்துவிடாதே. கீழே இருக்கும் கையெழுத்து ஸ்கேலை விட்டுக் கொஞ்சம் சரிந்திருக்கிறது, ஆனாலும் அது அவர் போட்டதுதான்.

உன் அப்பா