ஒன்பது வாட்

டீச்சரம்மா, அசந்து தூங்குற. எழுப்ப மனசு வரலை, எழுதி வச்சுட்டு டியூட்டிக்குக் கிளம்புறேன்.

ஊரே கரண்ட்டை உறிஞ்சுற நேரம்னு நேத்து ஆறு மணிக்கு, கரண்ட் ஆபீஸ் கன்ட்ரோல் ரூம்ல வேலை பாக்குற புத்தியில வீடு பூரா சுவிட்சை அணைச்சேன். வைஃபை டப்பாவும் போச்சு, உன் ஸ்கூல் இன்டர்வியூவும் பாதியில நின்னுபோச்சு. அந்த டப்பா இழுக்கிறதே ஒன்பது வாட்! மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

இன்னைக்கும் அதே ஆறு மணிக்குத்தானே மறுபடி கூப்பிடுறாங்க? துணியை இப்பவே துவைச்சுட்டேன், தொட்டிக்குத் தண்ணியும் ஏத்திட்டேன். சாயங்காலம் மோட்டாரும் வேண்டாம், மெஷினும் வேண்டாம். அந்த மிச்சத்துல ஏசி போட்டுக்கிட்டுப் பேசு. சாப்பாடு மூடி வச்சிருக்கேன்.

பி.கு: வைஃபை சுவிட்சு மேல டேப் ஒட்டியிருக்கேன். உனக்காக இல்லை, எனக்காக.

இன்னொண்ணு: ஆறு மணிக்கு எங்க ஸ்கிரீன்ல ஊர் இழுக்கிற கரண்ட்டைக் காட்டுற கோடு மேல ஏறும். சாயங்கால டியூட்டி அன்னைக்கெல்லாம் அதைத் திட்டுவேன். இன்னைக்குத் திட்டமாட்டேன். அதுல ஒன்பது வாட் உன்னோடது.