கார்டில் கோளாறு இல்லை

கிளென்,

பத்து மணிக்குக் கடைக்காரர் வந்தால் புது கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிக் கொடுத்துவிடாதே. அதில் கோளாறே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தூசி தட்டிய நான்தான் திரையின் வயரைக் கார்டில் செருகாமல் அதற்கு மேலிருந்த கம்ப்யூட்டரின் பழைய துளையில் செருகிவிட்டேன். கார்டு சும்மா கிடந்திருக்கிறது. இப்போது மாற்றிவிட்டேன், நீ வெட்டி ஒட்டும் கல்யாண வீடியோ திக்காமல் ஓடுகிறது.

"கார்டோட வேகத்தைக் கூட்டிக் கூட்டிக் கருக்கிட்டியே, சுரங்கத்துல முதுகை ஒடிச்சுக்கிட்டது போதாதா?" என்று கத்தியதும் நான்தான். நீ உடனே வேகத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்தாய். தப்பு உன்னுடையதென்றே நம்பிவிட்டாய்.

ஃப்ரிட்ஜில் ஆட்டுக்கறி இருக்கிறது. இன்று நாற்பத்திரண்டு டிகிரியாம், மின்விசிறியைக் கம்ப்யூட்டர் பக்கமும் கொஞ்சம் திருப்பு.

நோரீன்

பி.கு.: வேகத்தைப் பழையபடி கூட்டிக்கொள். அடுத்த முறை நான் கத்தினால் நீயும் திருப்பிக் கத்து.