மூன்றாம் டேங்கின் புதுப் பிளேடு

ஜூன் 3, செவ்வாய்
பெயின்ட் கலக்கும் மூன்றாம் டேங்கில் புதுப் பிளேடு ஏறிவிட்டது. பழையது தட்டை, பெயின்டைச் சுவர்ப்பக்கம் அறைந்தே பாதி மின்சாரத்தைத் தின்றது. புதியது மின்விசிறி இறக்கைபோல் வளைந்தது, நோகாமல் கீழே தள்ளும். ஒரு பேட்சுக்கு நாற்பது யூனிட் இருபத்தைந்தாகிவிடும் என்று மேனேஜரிடம் மார்தட்டியிருக்கிறேன். வரைபடம் என்னுடையது. பொருத்தியவர் ஒப்பந்த ஃபிட்டர், எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுகிறவர்.

ஜூன் 4
நாற்பத்தாறு!

ஜூன் 5
தலை சுற்றுகிறது. மோட்டார் மணிக்கு இழுப்பது பழையதைவிடக் குறைவுதான். ஆனால் வெள்ளைப் பொடி அடியில் படிந்தே கிடக்கிறது. அது கலங்க இரண்டு மடங்கு நேரம் ஓட்டுகிறார்கள். கூட்டிப் பார்த்தால் பழையதே தேவலை. கணக்கை மூன்று தடவை போட்டேன். கணக்கு சரி. பிளேடும் சரி. அப்புறம் எதுதான் தப்பு?
வீட்டில் இவர், "டீல சர்க்கரை கரைக்கறதுக்கு இவ்ளோ படிக்கணுமா?" என்கிறார். எரிச்சலாக வந்தது.

ஜூன் 6
மேனேஜர் கூப்பிட்டார். "நீங்க சொன்னீங்கன்னுதான் செலவு பண்ணேன். இப்ப என்ன சொல்றீங்க?"
"பொருத்தினதுல ஏதாவது இருக்கலாம் சார்" என்றேன். ஏன் சொன்னேன்? எதுவுமே தெரியாமல் சொன்னேன்.
"அப்ப திங்கக்கிழமைலருந்து அந்த ஃபிட்டர் வேணாம்."

ஜூன் 7, சனி
டேங்கில் வெறும் தண்ணீர் நிரப்பி, நனைந்த காகிதத் துண்டுகளைப் போட்டு ஓடவிட்டேன். பிளேடின் தண்டை ஒட்டிக் கீழே இறங்க வேண்டியவை மேலே கொப்பளித்துச் சுவரோரம் ஓடின. பிளேடு எதிர்த்திசையில் சுற்றுகிறது!
கோபம் கோபமாக வந்தது. வரைபடத்தோடு அண்ணன் முன் போய் நின்றேன்.
"அம்பு போட்டபடிதானேம்மா வயர் குடுத்தேன். மேலருந்து பாத்தா இப்படித்தானே சுத்தணும்?"
நான் வரைந்தது கீழிருந்து பார்த்த படம். அதை எங்குமே எழுதவில்லை.
அவரிடம் என்ன சொன்னேன்? "பாக்கறேண்ணே." பாக்கறேனாம்!

ஜூன் 8
மேனேஜரிடம் பேசப் போனை இரண்டு தடவை எடுத்தேன், வைத்தேன். நான் கெட்டவளா, கோழையா — ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னே புரியல.

ஜூன் 9
சொல்லிவிட்டேன். தப்பு என் படத்தில் என்று. அவர் திட்டவில்லை. "நேத்தே சொல்லக் கூடாதா? காலைல கேட்லயே அவர திருப்பி அனுப்பிட்டாங்க."
எலக்ட்ரீஷியன் மோட்டாரில் இரண்டு வயரை இடம் மாற்றிக் கொடுத்தார், பிளேடு சரியான திசைக்குத் திரும்பியது. பத்து நிமிஷ வேலை.

ஜூன் 10
இருபத்துமூன்று. அடியில் பொடி இல்லை. எல்லோரும் கைகொடுத்தார்கள். சந்தோஷப்படுவதா வேண்டாமா, தெரியவில்லை.

ஜூன் 12
அண்ணன் இன்றுதான் போனை எடுத்தார். மேனேஜர் திரும்ப வரச் சொன்னதைச் சொன்னேன்.
"வேற எடத்துல சேந்துட்டேம்மா. அது கெடக்கட்டும், யூனிட் கொறஞ்சுதா?"
"இருபத்துமூணுண்ணே."
"அப்பாடா. எங்க கைய வெச்சுக் கெடுத்தேனோன்னு நாலு நாளா தூக்கமே இல்ல."
அப்போதுதான் சொன்னேன், முழுவதையும். படம், அம்பு, மேனேஜரிடம் நான் சொன்னது, ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தது.
"சரிம்மா, வேலை இருக்கு" என்று வைத்துவிட்டார்.